பட்டியலில் இல்லாத வளவு

ஜெஸீம் சேருக்கு எக்செலில் ஒரு வித்தை தெரியும். ஒன்றே ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு நான்கு மாதம் கல்முனையில் அவர் பெரிய மனிதராக நடமாடினார்.

வித்தை இதுதான். ஒரு கட்டத்தில் "கடற்கரைப் பள்ளிக்கூடம்" என்று ஒரு முகாமின் பெயரை அடிப்பார். கட்டத்தின் வலப்பக்கக் கீழ்மூலையில் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். அதை மவுஸால் பிடித்துக் கீழே இழுப்பார். இழுக்க இழுக்க அடுத்த முகாம், அதற்கடுத்த முகாம் என்று பன்னிரண்டு முகாம்களின் பெயர்களும் தாமாக வந்து விழும். பன்னிரண்டும் முடிந்தால் திரும்பவும் முதலாவது பெயர். கிழமை நாட்களில் ஒன்றை அடித்து இழுத்தால் மற்ற நாட்கள் வரிசையாக வரும் அல்லவா, அதே மாதிரி. நாட்களின் பட்டியல் எக்செலுக்குள் ஏற்கனவே இருக்கிறது. நமக்கு வேண்டிய பட்டியலையும் அதற்குள் ஒருதரம் எழுதி வைக்கலாம். ஜெஸீம் சேர் எழுதி வைத்திருந்தார். அவ்வளவுதான் சங்கதி.

ஆனால் அவர் அதைக் காட்டுகிற விதத்தைப் பார்க்க வேண்டும். அலுவலகத்துக்கு யாராவது வந்தால் கதிரையை அரைவட்டம் சுழற்றி, வந்தவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, திரையைப் பார்க்காமல் இழுப்பார். பெயர்கள் விழும். வந்தவர் வாயைப் பிளப்பார். "கஸ்டம் லிஸ்ட்" என்று ஜெஸீம் சேர் மெதுவாகச் சொல்லி, கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொள்வார். சுனாமி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஊரில் பாதிப் பேர் அடுத்தவர் கொடுத்த சாரத்தை உடுத்திக்கொண்டு திரிந்தார்கள். அந்த வெயிலில் கழுத்துப் பட்டி கட்டிய ஒரே மனிதர் அவர்தான்.

எங்கள் நிறுவனத்தின் பெயர் கரையோரக் கரம். கடல் அடித்த பிறகு தொடங்கிய எத்தனையோ நிறுவனங்களில் அதுவும் ஒன்று. கல்முனைப் பெரிய வீதிக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டை எடுத்திருந்தார்கள். மூன்று கணினிகள், தாங்கி பூட்டிய இரண்டு தண்ணீர் பவுசர் வண்டிகள். முகாம்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவதுதான் எங்கள் வேலை. நான் தரவு பதிகிறவள். ஜெஸீம் சேர் தகவல் இணைப்பாளர் என்ற பதவியோடு பெப்ரவரியில் வந்தார்.

அவர் வருவதற்கு முன்னர் தண்ணீர் அட்டவணையை நானும் தங்கராசா அண்ணனும்தான் கையால் எழுதினோம். தங்கராசா அண்ணன் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பு ஆள். தோணியைக் கடல் கொண்டுபோய்விட்டது. பாரவூர்தி ஓட்டும் லைசன்ஸ் மட்டும் மிஞ்சியிருந்தது. அதனால் பவுசர் சாரதியானார். எந்த முகாமின் தாங்கி எத்தனை மணிக்கு வெறுமையாகும் என்பது அவருக்குத் தெரியும். முந்நூறு குடும்பம் இருக்கிற பெரிய பள்ளிவாசல் வளவுக்குக் காலையும் மாலையும் ஊற்ற வேண்டும். முப்பது குடும்பம் இருக்கிற கோயில் மண்டபத்துக்கு இரண்டு நாளுக்கு ஒருதரம் போதும். அவர் சொல்வார், நான் எழுதுவேன். ஒரு பிளேன்டி குடித்து முடிவதற்குள் ஒரு கிழமைக்கான அட்டவணை தயார்.

ஜெஸீம் சேர் அதை எடுத்துப் பார்த்தார்.

"இது என்ன, கடைக்குச் சாமான் வாங்கப் போற துண்டா?" என்று கேட்டார். பிறகு கணினியில் உட்கார்ந்து இழுத்தார். இரண்டு பவுசர், ஒரு நாளைக்கு மூன்று தடவை. ஆறு ஊற்று. பன்னிரண்டு முகாம். ஆகவே ஒவ்வொரு முகாமுக்கும் ஒன்றுவிட்ட நாள் ஒரு பவுசர். முந்நூறு குடும்பத்துக்கும் ஒன்று, முப்பது குடும்பத்துக்கும் ஒன்று.

"சேர், பெரிய பள்ளிவாசல் வளவுக்கு இது ஒரு நாளைக்கே காணாது" என்றேன்.

"எல்லா முகாமுக்கும் சமனாப் போகுது. பாரபட்சம் இல்ல. இதுக்குப் பேர்தான் சிஸ்டம்."

பெயருக்குப் பக்கத்தில் தொகை இல்லாத ஒரு பட்டியலைக் கீழே இழுத்துவிட்டு, அதற்குச் சமத்துவம் என்று பெயர் வைத்தார் மனிதர். அடுத்த கிழமையே பள்ளிவாசல் வளவில் பெண்கள் தண்ணீர்க் கானோடு கான் மோதிக்கொண்டார்கள். கோயில் மண்டபத்தில் மிஞ்சிய தண்ணீரை வாழைக்கு ஊற்றினார்கள். கொழும்புக்கு அனுப்பிய அறிக்கையில் ஜெஸீம் சேர் "நூறு வீதம் வழங்கப்பட்டது" என்று எழுதினார். அதில் பொய்யும் இல்லை. அட்டவணையில் இருந்த அத்தனை பெயருக்கும் பவுசர் போனதுதான்.

மார்ச் நடுப்பகுதியில் கடற்கரைப் பள்ளிக்கூடத்தைத் திரும்பவும் திறந்தார்கள். அங்கே வகுப்பறைகளில் தங்கியிருந்த எண்பத்தைந்து குடும்பங்களையும் மாவடிப்பள்ளிக்குப் போகும் வீதியில் வெறுங்காணியாகக் கிடந்த ஒரு தனியார் வளவுக்குக் கொண்டுபோய்க் கூடாரம் அடித்துக் குடியேற்றினார்கள். செவ்வாய்க்கிழமை சனம் போனது. புதன்கிழமை, அட்டவணைப்படி, தங்கராசா அண்ணனின் பவுசர் பள்ளிக்கூடத்துக்குப் போனது. உள்ளே ஆறாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. அதிபர் வெளியே வந்து, "இஞ்ச ஆரும் இல்லியே" என்றார். ஆனால் ஊற்றிவிட்டு ரசீதுத் துண்டில் ஒப்பம் வாங்கி வராவிட்டால் ஜெஸீம் சேர் சாரதியைக் குடைந்தெடுப்பார். தங்கராசா அண்ணன் பள்ளிக்கூடத்துத் தொட்டியில் ஊற்றினார். தொட்டி நிரம்பி மைதானம் எல்லாம் ஓடியது. இடைவேளைக்குப் பிள்ளைகள் கொப்பித் தாளைக் கிழித்துக் கப்பல் விட்டார்கள்.

மாவடிப்பள்ளி வீதி வளவில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த வளவிலிருந்து சுபைறா ராத்தா நடந்தே வந்தார். நாற்பது வயதிருக்கும். சுனாமிக்கு முன்னர் வீட்டில் இடியப்பம் அவித்து விற்றவர். பள்ளிக்கூடத்தில் இருந்த நாளிலிருந்தே அந்த எண்பத்தைந்து குடும்பத்துக்காகவும் வாய் திறந்து கதைக்கிறவர் அவர்தான். கையில் கொண்டுவந்த மஞ்சள் கானை ஜெஸீம் சேரின் மேசையில் தூக்கி வைத்தார்.

"ராத்தா, அத மேசையில வைக்காதீங்க. கீபோர்ட் இரிக்கி."

"பயப்பிடாதீங்க சேர், நனையாது. மூணு நாளா இதுக்குள்ள ஒரு சொட்டு விழல்ல."

"எந்த முகாம்?"

"மாவடிப்பள்ளி றோட்டு வளவு."

ஜெஸீம் சேர் திரையைப் பார்த்தார். மேலிருந்து கீழாக ஒருதரம், கீழிருந்து மேலாக ஒருதரம்.

"அப்பிடி ஒண்டு லிஸ்ட்டில இல்லியே."

"நாங்க கடக்கரைப் பள்ளிக்கூடத்துல இரிந்த ஆக்கள்தான் சேர். சனமும் அதுதான், சட்டிபானையும் அதுதான். இடம்தான் மாறின."

"பள்ளிக்கூடம் லிஸ்ட்டில இரிக்கி. அங்க ஒழுங்காத் தண்ணி போகுது. இஞ்ச பாருங்க, ஒப்பமும் இரிக்கி."

"அங்க குடிக்கிறத்துக்கு ஆரு இரிக்காங்க?"

"அது எனக்குத் தெரியா. லிஸ்ட் கொழும்பில பாஸ் பண்ணினது. மாத்திறெண்டா கிராம சேவகர்ட ஒப்பத்தோட கடிதம் ஒண்டு தாங்க. அனுப்பிப் பாப்பம்."

கொழும்பு எந்தப் பட்டியலையும் பாஸ் பண்ணவில்லை. கொழும்புக்குப் போகிற எல்லாக் கடிதத்தையும் அடிக்கிறவள் நான். எனக்குத் தெரியாமல் அது நடந்திருக்க முடியாது. சுபைறா ராத்தா கானை எடுத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்று பின்னேரம் அட்டவணையில் "கடற்கரைப் பள்ளிக்கூடம்" என்று இருந்த இடங்களையெல்லாம் அழித்து, "மாவடிப்பள்ளி வீதி வளவு" என்று நானே கையால் அடித்து வைத்தேன். அடுத்த நாள் காலை ஜெஸீம் சேர் வந்து பார்த்தார்.

"ஆரு இதுல கை வச்ச? ஓடர் உடைஞ்சி கிடக்கு!" மேலே முதல் கட்டத்தில் பழைய பெயரை அடித்து, பிடித்து ஒரே இழுவை. நான் அடித்ததெல்லாம் போய், பள்ளிக்கூடம் பழைய இடத்தில் வந்து குந்தியது.

அப்போதுதான் தங்கராசா அண்ணன் ஒரு வழி சொன்னார். படிக்கட்டில் வைத்து, மெதுவாக.

"புள்ள, கடுதாசியில பள்ளிக்கூடம் எண்டே இரிக்கட்டும். நான் கொண்டுபோய் வளவில ஊத்திறன். ஒப்பத்த சுபைறாட்ட வாங்கிறன். நீங்க ஃபைல்ல போட்டுருங்க. சனத்துக்குத் தண்ணி போனாச் சரிதானே."

"சேர் கண்டுபுடிச்சா?"

"அவர் எங்க வந்து பாக்கப் போறார்? இஞ்ச இருந்து இழுக்கத்தான் அவருக்கு நேரம்."

இருவரும் சிரித்தோம். அன்றே தண்ணீர் போனது. ஒன்றுவிட்ட நாள் ஒரு பவுசர் மாவடிப்பள்ளி வீதி வளவில் ஊற்றப்பட்டது. துண்டில் "கடற்கரைப் பள்ளிக்கூடம்" என்ற பெயருக்கு நேரே சுபைறா ராத்தாவின் ஒப்பம் விழுந்தது. நான் ஃபைலில் கோர்த்தேன். ஜெஸீம் சேர் நூறு வீதம் என்று எழுதினார். எல்லோருக்கும் நிம்மதி.

எனக்கு மட்டும் ஒரு கேள்வி இருந்தது. ஒரு பெயரை மாற்றுவதற்கு இந்த மனிதர் ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறார்? கடிதமும் வந்து மேசையில் கிடந்தது, கிராம சேவகரின் ஒப்பத்தோடு. அதை அவர் தொடவே இல்லை. மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை ஆண்கள் எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரம், அவருடைய கணினியில் போய் உட்கார்ந்து ஒவ்வொரு மெனுவாகத் திறந்தேன். டூல்ஸ் என்ற மெனுவுக்குள் ஒப்ஷன்ஸ். அதற்குள் வரிசையாக நிறையப் பக்கங்கள். ஒரு பக்கத்தின் தலையில் கஸ்டம் லிஸ்ட் என்று எழுதியிருந்தது. திறந்தால் கிழமை நாட்கள், மாதங்கள், எல்லாவற்றுக்கும் கீழே எங்கள் பன்னிரண்டு முகாம்கள். பக்கத்தில் ஒரு பெட்டி. அதற்குள் பெயரை அழித்து வேறு பெயர் எழுதலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஜெஸீம் சேருக்கு இந்த இடம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. கொழும்பில் யாரோ கூட்டாளி தொலைபேசியில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஒருநாள் செய்திருக்க வேண்டும். செய்து முடித்ததும் வழியை மறந்துவிட்டார். மறந்ததைச் சொல்ல வெட்கப்பட்டு, கொழும்பு, பாஸ், கடிதம், கிராம சேவகர் என்று ஒரு கோட்டையே கட்டியிருக்கிறார். எண்பத்தைந்து குடும்பம் தாகத்தில் கிடந்தது, இவர் ஒரு மெனுவை மறந்ததால்.

என் விரல் பெட்டிக்குள்ளேயே நின்றது. ஒரு பெயரை அழித்து ஒரு பெயரை அடிக்க அரை நிமிடம் போதும். நான் அடிக்கவில்லை. மூடிவிட்டு எழுந்தேன்.

ஏன் என்று என்னையே அன்று கேட்டிருந்தால் பதில் தயாராகத்தான் இருந்தது. தண்ணீர்தான் போகிறதே, பிறகென்ன? நான் மாற்றிவிட்டால் அதையும் தான் செய்ததாக இவர் சொல்லிக்கொள்வார். கிடக்கட்டும். என்றைக்காவது ஒருநாள் நாலு பேர் முன்னால் இவருடைய வண்டவாளம் வெளியில் வரட்டும். அப்போது பார்த்துக்கொள்ளலாம். அதன் பிறகு அவர் கதிரையைச் சுழற்றி வித்தை காட்டும்போதெல்லாம் எனக்குள் ஒரு சந்தோசம் இருந்தது. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது என்கிற சந்தோசம்.

அந்த நாள் மே மாதத் தொடக்கத்தில் வந்தது. எல்லா நிறுவனங்களும் கூடுகிற ஒருங்கிணைப்புக் கூட்டம். ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். எங்கள் மாவட்டப் பொறுப்பாளர் ஷரிபுதீன் சேர் முன் வரிசையில். நான் ஃபைல்களோடு பின்னால் நின்றேன். ஜெஸீம் சேர் யாரோ கொடுத்த மடிக்கணினியில் எங்கள் கோப்பைத் திறந்து, சுவரில் பெரிதாக விழவைத்தார். கழுத்துப் பட்டி அன்று புதிது.

"இப்ப நான் முழு மாசத்துக்குமான அட்டவணைய அஞ்சு செக்கனில போட்டுக் காட்டிறன்" என்றார். பெயரை அடித்தார். சபையைப் பார்த்துத் திரும்பி நின்றார். வழக்கம்போலத் திரையைப் பார்க்காமல் இழுத்தார்.

சுவரில் கடற்கரைப் பள்ளிக்கூடம் என்று விழுந்தது. அதற்குக் கீழே கடற்கரைப் பள்ளிக்கூடம். அதற்குக் கீழேயும் அதுவே. நாற்பது வரிக்கு ஒரே பெயர்.

அந்தப் பட்டியல் எழுதப்பட்ட கணினிக்குள்தான் இருக்கும். கோப்போடு கூட வராது. எங்கள் அலுவலக மேசையில் இருந்த கணினிக்குத்தான் அந்தப் பன்னிரண்டு பெயரும் தெரியும். இந்த மடிக்கணினிக்கு அது ஏதோ ஒரு சொல். இழுத்தால் அந்தச் சொல்லையே திரும்பத் திரும்ப எழுதும். ஜெஸீம் சேருக்கு இது எங்கே விளங்கப் போகிறது? பின்வரிசையில் யாரோ சிரிக்க, திரும்பிப் பார்த்தார். அழித்துவிட்டு மறுகா இழுத்தார். மறுகாவும் நாற்பது பள்ளிக்கூடம்.

கல்விப் பகுதியிலிருந்து வந்த காலிதீன் என்கிற அதிகாரி எழும்பினார்.

"தம்பி, அந்தப் பள்ளிக்கூடத்தில முகாமே இல்ல. மார்ச்சிலேயே எழுப்பியாச்சி. பிள்ளைகள் படிக்கிதுகள். நீங்க அங்க நாப்பது தரம் தண்ணி ஊத்தப் போறயளா?"

சபை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சிரித்திருப்பேன்.

ஷரிபுதீன் சேர் சிரிக்கவில்லை. "முகாம் எழும்பி ஏழு கிழம. ஏழு கிழமையும் ஒப்பத்தோட துண்டு வந்திரிக்கி. அப்ப அந்தத் தண்ணி எங்க போன?" என்று கேட்டார்.

ஜெஸீம் சேருக்கு வித்தை ஒன்றுதான் தெரியும் என்று சொன்னேன். அது பிழை. இன்னொன்றும் தெரிந்திருந்தது. இரண்டு செக்கன்கூட எடுக்கவில்லை.

"எனக்கும் அதுதான் சேர் சந்தேகம். அந்த ஓட்டத்துக்குப் போற ட்ரைவர் பாண்டிருப்பு ஆள். தன்ர ஆக்களுக்கு ஊத்தினானா, வித்தானா தெரியா. விசாரிக்கணும்."

என் சிரிப்பு நின்றது. நான் அந்த இடத்திலேயே கையை உயர்த்தியிருக்க வேண்டும். உயர்த்தவில்லை. விசாரணை என்று ஒன்று வைப்பார்கள், அதில் இவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு உடைக்கலாம் என்று நினைத்தேன். ஐம்பது பேர் முன்னால் வாய் திறக்கப் பயமாகவும் இருந்தது. இரண்டில் எது கூடுதல் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

தங்கராசா அண்ணனை அன்றே நிறுத்தினார்கள். விசாரணைக்கு எட்டு நாள் சென்றது. அந்த எட்டு நாளும் மாவடிப்பள்ளி வீதி வளவுக்குத் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொண்டேன். மற்றப் பவுசரின் சாரதி பக்கீரிடம் இரகசியமாகச் சொல்லி அங்கே ஊற்ற வைத்தேன். அதைச் செய்யத் தெரிந்த எனக்கு, ஷரிபுதீன் சேருக்கு ஒரு தொலைபேசி எடுத்து உண்மையைச் சொல்லத் தெரியவில்லை.

ஊர்க் கதைக்கு எட்டு நாள் தேவையில்லை. தமிழ் ட்ரைவர் நம்மட சனத்தின் தண்ணியைப் பாண்டிருப்புக்குக் கொண்டுபோனானாம் என்று கல்முனைக்குடியில் கதைத்தார்கள். அந்த வருடங்களில், தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்ந்த எங்கள் ஊர்களில் இப்படி ஒரு கதை எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். தங்கராசா அண்ணனின் மனைவி அன்னப்பிள்ளை சந்தையில் கருவாடு விற்கிறவர். "கருவாட்டோட தண்ணியும் விக்கிறயளா?" என்று ஒருவன் கேட்டானாம். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்களாம். பக்கீர் வந்து சொன்னான்.

விசாரணை எங்கள் மாடியிலேயே நடந்தது. ஷரிபுதீன் சேர், ஜெஸீம் சேர், நான் மூவரும் கதிரையில். தங்கராசா அண்ணன் கதவடியில் நின்றார். அவருக்குக் கதிரை போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஜெஸீம் சேர் துண்டுகளை விரித்து வைத்தார்.

"பாருங்க சேர், எல்லாம் ஒரே ஒப்பம். பள்ளிக்கூடத்தில இப்பிடி ஒரு ஆள் இல்ல. கள்ள ஒப்பம்."

அந்த நேரம் படிக்கட்டில் சத்தம் கேட்டது. சுபைறா ராத்தா நாலைந்து பெண்களோடு மேலே வந்தார். பக்கீர் சொல்லித்தான் அவருக்கும் விசயம் தெரிந்திருக்கிறது. நேரே மேசைக்கு வந்து ஒரு துண்டை எடுத்தார்.

"இது என்ட ஒப்பம். ஆரு கள்ள ஒப்பம் எண்டு சொன்ன? அல்லாஹ்வுக்காகச் சொல்றன் சேர், இந்த மனிசன் ஏழு கிழமையும் ஒரு தவணையும் விடாம எங்கட வளவில தண்ணி ஊத்தினவர். எம்பத்தஞ்சு குடும்பத்தையும் கூட்டிட்டு வரவா? கீழ ரோட்டு காணாது."

ஷரிபுதீன் சேர் என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சனம் இடம் மாறியதையும், கடிதம் வந்ததையும், துண்டு விசயத்தில் எனக்கும் பங்கு இருந்ததையும்.

"அப்பிடிச் சொல்ல ஏலா சேர்" என்றார் ஜெஸீம் சேர். "அப்பிடி ஒரு முகாம் எங்கட லிஸ்ட்டிலேயே இல்ல. இல்லாத முகாமில இரிந்து வாற சாட்சிய நாம எப்பிடி எடுக்கிற?"

சுபைறா ராத்தா கையிலிருந்த துண்டை மேசையில் வைத்தார். தன் இரண்டு கைகளையும் ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

"அப்ப லிஸ்ட்டில போடுங்க தம்பி" என்றார் ஷரிபுதீன் சேர். "இப்பவே. நான் சொல்றன்."

ஜெஸீம் சேர் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். முதல் மெனுவைத் திறந்தார், மூடினார். இரண்டாவதைத் திறந்தார். எங்கேயோ அழுத்தியதில் அட்டவணை முழுக்க மஞ்சள் நிறமானது. அதை மாற்றப் போய் எழுத்தெல்லாம் பெரிதானது. பிறகு அச்சுப் பிரதி வந்தது, யாரும் கேட்காத மூன்று தாள். கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார். நெற்றியிலிருந்து வியர்வை கீபோர்டில் விழுந்தது. கானை வைக்காதே என்று சொன்ன அதே கீபோர்டு. பத்து நிமிடம் போயிருக்கும். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நெட்வேர்க் பிரச்சினை போல சேர்" என்றார் கடைசியில்.

எங்கள் அலுவலகத்தில் நெட்வேர்க் என்று ஒரு சாமானே இருந்ததில்லை.

"பஹ்மிதா, உங்களுக்குத் தெரியுமா?" என்று ஷரிபுதீன் சேர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"ஓம் சேர்."

எத்தனை நாளாகக் காத்திருந்த நேரம். ஜெஸீம் சேர் எழும்ப, நான் உட்கார்ந்தேன். டூல்ஸ், ஒப்ஷன்ஸ், அந்தப் பக்கம், அந்தப் பெட்டி. பள்ளிக்கூடத்தை அழித்தேன். மாவடிப்பள்ளி வீதி வளவு என்று அடித்தேன். பொத்தானை அழுத்தி வெளியே வந்து இழுத்தேன். வளவு தலையில் வந்து நிற்க, மற்றப் பதினொன்றும் கீழே விழுந்தன. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கதிரையைச் சுழற்றி எல்லோரையும் பார்த்தேன். அது யாருடைய பழக்கம் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

ஷரிபுதீன் சேர் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இது உங்களுக்கு எப்ப இருந்து தெரியும்?"

"மார்ச்... கடைசியில இருந்து சேர்."

கதவடியிலிருந்து தங்கராசா அண்ணன்தான் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, விளங்காமல்தான் கேட்டார்.

"அப்ப ஏன் புள்ள போடல்ல?"

அந்தப் பெயர் மார்ச்சிலேயே பட்டியலில் இருந்திருந்தால் துண்டில் பொய்ப் பெயர் இருந்திருக்காது. கள்ளன் என்று ஒருவன் வாய் திறந்திருக்க முடியாது. என்னிடம் பதில் இருந்தது. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. இவரை அவமானப்படுத்த ஆசைப்பட்டேன் அண்ணன், நடுவில் நீங்கள் நின்றது எனக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

ஜெஸீம் சேருக்கு என்ன தண்டனை என்று கேட்பீர்கள். அவரைக் கொழும்புத் தலைமையகத்துக்கு எடுத்தார்கள், தகவல் முறைமைப் பயிற்றுநராக. இங்கே வைத்திருந்தால் வெட்கம், அனுப்பிவிட்டால் சுகம் என்று நினைத்தார்களோ என்னவோ. யுத்தம் முடிந்த வருடம் வவுனியாவில் முகாம் அலுவலர்களுக்கு அவர் வகுப்பெடுத்தார் என்று கேள்விப்பட்டேன். இரண்டு நாள் பயிற்சியாம், முடிவில் சான்றிதழும் கொடுத்தாராம். என்ன படிப்பித்திருப்பார் என்று நான் யாரையும் விசாரிக்கவில்லை.

அவருடைய கதிரையை எனக்குத் தந்தார்கள். தங்கராசா அண்ணன் மீது குற்றம் இல்லை என்று ஷரிபுதீன் சேர் கடிதம் கொடுத்தார். ஊருக்கு அந்தக் கடிதத்தை யார் வாசித்துக் காட்டுவது? திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள். திங்கட்கிழமை வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பவுசரைக் கிளப்பும் திறப்பை ஒரு பொடியனிடம் கொடுத்தனுப்பியிருந்தார்.

ஒரு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு நான் பாண்டிருப்புக்குப் போனேன். கடற்கரையிலிருந்து தள்ளி, உறவினர் வளவில் தகரக் கொட்டில் ஒன்று போட்டு இருந்தார்கள். அன்னப்பிள்ளை அக்கா முற்றத்தில் சாக்கை விரித்துக் கருவாட்டில் கெட்டதைத் தெரிந்து எடுத்துக்கொண்டிருந்தார். நான் பெயரைச் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

"அண்ணன் இரிக்காரா அக்கா?"

"இல்ல. நாவிதன்வெளிக்குப் போயிற்றார். சிறுபோக உழவு. மிசின் ஓட்டிறத்துக்கு."

"எப்ப வருவார்?"

"உழவு முடிய."

"பவுசருக்குத் திரும்பி வரச் சொல்லி எல்லாரும் கேட்டாங்க. சுபைறா ராத்தாவும் கேட்டா. நானும்... நான் மன்னிப்புக் கேட்கத்தான் வந்த."

அவர் ஒரு வாளைக் கருவாட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புழு இருந்திருக்க வேண்டும். தூர எறிந்தார்.

"நீங்கதானா அந்தக் கொம்பியூட்டர்ப் புள்ள?"

"ஓம் அக்கா."

"உங்களப் பத்தி அவர் நல்லாத்தான் கதைப்பார். அந்தப் பெரிய கந்தோரில கெட்டிக்காரி எண்டா அந்தப் புள்ள ஒண்டுதான் எண்டு சொல்லுவார்." இப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் செருப்பிலிருந்து முக்காடு வரைக்கும் ஒருதரம். "கெட்டிக்காரி" என்றார் திரும்பவும், மூக்கால் ஒரு சிரிப்போடு.

நான் முற்றத்து வெயிலிலேயே நின்றேன். குந்து என்று சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை.

"எட்டு நாளும் அவர் சோறு திண்ணல்ல. நான் கேட்டன், கூட வேலை செய்த ஆக்கள் ஒரு சொல்லு சொல்ல மாட்டாங்களா எண்டு. அந்தப் புள்ள சொல்லும், பொறு எண்டார். எட்டு நாளும் அதையேதான் சொன்னார்."

"அக்கா..."

"போங்க. வெயில் ஏறுது. நான் இத அள்ளிக்கொண்டு சந்தைக்குப் போகணும்."

சாக்கின் நாலு மூலையையும் சேர்த்துக் கட்டத் தொடங்கினார். நான் ஒரு மூலையைப் பிடித்துக் கொடுக்கக் குனிந்தேன். அதை என் கையிலிருந்து இழுத்து எடுத்துக்கொண்டு தானே கட்டினார்.